பன்னிரண்டு பாயிண்டு

திருவிழாக் கடைகளிலும் சந்தைத் தெருக்களிலும் ஒரு காலத்தில் ஏராளமாய் விற்பனையான கதைப் புத்தகங்களை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை', 'பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை' என்று அவற்றின் அட்டையில் போட்டிருக்கும். விக்கிரமாதித்த மகாராஜாவுக்கு முன்னால் எழுத்தின் அளவு வந்து நிற்கிறதைக் கவனியுங்கள்! அந்தப் புத்தகங்களை வெளியிட்டவர்கள் வாசகர்களின் மனத்தை நன்றாக அறிந்தவர்கள். மாலையில் விளக்கடியில் ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டிலுள்ளோர் சுற்றிலும் உட்கார்ந்து கேட்ட நாட்கள் அவை. படிக்கிறவர் பாட்டனாராகவும் இருக்கலாம். அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்ற பேரனாகவும் இருக்கலாம். இருவருக்கும் வேண்டியது பெரிய எழுத்து.

ஆனால், 'பெரிய எழுத்து' என்பது எவ்வளவு பெரியது? அதை எந்தக் கோலால் அளப்பது? இந்தக் கேள்வியை நாம் சும்மா கிளப்பவில்லை. அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் நம் மேஜையில் கிடக்கிறது. அவருடைய தாயாருக்கு வயது எண்பது. அந்த அம்மாள் தினந்தோறும் பாராயணம் செய்யும் பாடல்களை எல்லாம் திரட்டி, பிறந்த நாளன்று உறவினருக்கு வழங்குவதற்காக ஒரு சிறு புத்தகம் போட்டார். அம்மாளின் கண்பார்வை மங்கியிருப்பதால், எழுத்து 14 பாயிண்டு இருக்க வேண்டும் என்று அச்சுக்கூடத்தில் சொல்லி வைத்தார். புத்தகம் வந்தது, அம்மாளால் அதைப் படிக்க முடியவில்லை. வீட்டில் முன்பே இருந்த வேறொரு புத்தகம் 12 பாயிண்டில் அச்சானது. அதன் எழுத்து இதைவிடப் பெரிதாய்த் தெரிகிறது! அச்சுக்கூடத்தாரைக் கேட்டால், "14 பாயிண்டு கேட்டீர்கள், 14 பாயிண்டு கொடுத்தோம்" என்கிறார்கள். "அவர்கள் சொல்வது பொய்யா, மெய்யா?" என்று கேட்கிறார் அன்பர்.

மெய்தான். முழுக்க முழுக்க மெய். அதுதான் இதில் உள்ள வேடிக்கை.

ஒருவர் மனை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 'வீடு எவ்வளவு பெரியது?' என்று அவரைக் கேட்டால், 'ஒரு கிரவுண்டு' என்று பதில் சொல்லுகிறார். கிரவுண்டு என்பது மனையின் அளவு. அதன் மேல் அவர் மாளிகையும் கட்டியிருக்கலாம், நடுவில் ஒரு குச்சில் போட்டுச் சுற்றிலும் வாழை வைத்திருக்கலாம். அச்செழுத்தின் சங்கதியும் இப்படியே. நாம் கேட்பது எழுத்தின் அளவு. அச்சுத் தொழிலார் சொல்லுவது எழுத்து நிற்கிற மனையின் அளவு.

ஈய எழுத்துக்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஈயத்தோடு ஆண்டிமனியும் தகரமும் கலந்து உருக்கி வார்த்த சிறு கட்டை அது. அதன் உச்சியில் எழுத்தின் வடிவம் இடம் வலம் மாறிப் புடைத்துக் கொண்டிருக்கும். கட்டை நிற்கிற உயரம் எல்லா எழுத்துக்கும் ஒன்றே: இங்கிலீஷ், அமெரிக்க வழக்கில் 0.918 அங்குலம். இந்த உயரம் சமமாக இல்லாவிட்டால் ஓர் எழுத்து காகிதத்தில் அழுந்தப் பதியும். பக்கத்து எழுத்து பதியவே பதியாது. கட்டையின் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறும். 'ர'வுக்குக் குறைவு, 'ஞ'வுக்கு அதிகம். மூன்றாவதாக, பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கட்டை அடைத்துக் கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பாயிண்டுக் கணக்கில் சொல்லப்படுவது. 12 பாயிண்டு என்றால் இந்தக் கட்டையின் மேல்கீழ் அளவு 12 பாயிண்டு என்று பொருள். கட்டையின் மேல் இருக்கிற எழுத்து அந்த இடம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது.

ஏன் இப்படித் தலைகீழாக ஓர் அளவை வைத்துக் கொண்டார்கள் என்று தோன்றலாம். எழுத்துக் கோக்கிறவரின் இடத்தில் நின்று பார்த்தால் தலைகீழாகத் தோன்றாது. அவருக்கு எழுத்தின் அழகு இரண்டாம் பட்சம். ஒரு வரிக்குள் உள்ள கட்டைகள் எல்லாம் ஒரே அளவாயிருக்க வேண்டும். வரிமேல் வரியாக அடுக்கி இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கினால் அசையாமல் நிற்க வேண்டும். கட்டைக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும், ஐம்பது வரிப் பக்கத்தில் அது அங்குலத்தில் இருபதில் ஒரு பங்காகி விடும். ஒரு பத்தி இறுகி நிற்க, பக்கத்துப் பத்தி தளர்ந்து, சட்டத்தைத் தூக்கும்போது பொலபொலவென்று எழுத்துக்கள் தரையில் கொட்டிவிடும். ஒருநாள் முழுவதும் கோத்ததைத் தரையிலிருந்து பொறுக்கி எடுக்கிற மனிதரிடம் போய், 'எழுத்து கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?' என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்லுவார்!

பாயிண்டுக் கணக்கு வருவதற்கு முன் ஐரோப்பாவில் எழுத்து அளவுகளுக்கு எண்கள் இல்லை, பெயர்களே இருந்தன. அந்தப் பெயர்களைக் கேட்டால் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். வைரம், முத்து, மாணிக்கம், மரகதம் எல்லாம் மிகச் சிறிய எழுத்துக்கள். 'இணையற்றது' என்று பொருள்படும் நான்பரேல் இப்போதைய 6 பாயிண்டு. பாதிரிமாரின் தினசரி ஜபப் புத்தகத்துக்கு உபயோகமான சிறு எழுத்து பிரேவியர், ஏறக்குறைய 8 பாயிண்டு. அதற்குமேல் பூர்ஷ்வா, லாங் பிரைமர், பைக்கா, கிரேட் பிரைமர் என்று ஏறிக்கொண்டே போய், கோயிற் பூசைப் பெருநூலுக்குரிய கானன் 48 பாயிண்டில் நிற்கும். நம்முடைய 12 பாயிண்டுதான் இங்கிலீஷ்காரரின் பைக்கா. பிரெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குச் 'சிசெரோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரிப் பேச்சாளர் சிசெரோவின் நூல்களை அச்சிட்ட எழுத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்லுவார்கள். ஜப்பானியப் புத்தகங்களில் சித்திர எழுத்துக்குப் பக்கத்தில் உச்சரிப்பைக் காட்டப் பொடி எழுத்துப் போடுகிறார்களே, அதற்கு அவர்கள் மொழியில் 'ரூபி' என்று பெயர். இங்கிலாந்தின் மாணிக்க எழுத்துத்தான் அங்கே போய்க் குடியேறிவிட்டது.

பெயர்கள் அழகாயிருந்தன, ஆனால் ஒரு வார்ப்படச் சாலையின் பைக்கா இன்னொரு சாலையின் பைக்காவோடு ஒட்டாது. ஒரு சாலையில் எழுத்து வாங்கிய அச்சுக்கூடத்தார், குறைகிற எழுத்துக்கும் அங்கேயேதான் போக வேண்டும். வார்ப்படக்காரருக்கு அது வெகு சௌகரியம். வாங்குகிறவருக்குத்தான் கஷ்டம்.

இந்தக் குழப்பத்துக்குள் முதலில் கணக்கைக் கொண்டுவந்தவர் பாரிஸ் நகரத்து எழுத்து வெட்டுநர் பியேர் ஸீமோன் ஃபூர்னியே. 1737-ல் அவர் எழுத்தளவுகளை எல்லாம் ஒரே சிற்றளவின் மடங்குகளாக வகுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார். அந்தச் சிற்றளவுக்கு அவர் கொடுத்த பெயர்தான் 'புள்ளி', அதாவது பாயிண்டு. யோசனை அருமையானது, ஆனால் அளவுகோலை அவர் காகிதத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நாளில் காகிதத்தை நனைத்துத்தான் அச்சடிப்பார்கள். உலர்ந்ததும் அது சுருங்கும். தாமே சுருங்குகிற அளவுகோலை வைத்துக் கொண்டு பிறர் எதை அளப்பது? மேலும், அவருடைய புள்ளி தேசத்தில் வழங்கிய அடி, அங்குலக் கணக்கோடு ஒட்டவும் இல்லை.

அரை நூற்றாண்டு சென்றபின் ஃபிரான்ஸுவா அம்புரோவாஸ் திதோ என்ற மற்றொரு பாரிஸ்காரர் அந்தக் குறையைத் தீர்த்தார். பிரான்ஸில் 'அரசரின் பாதம்' என்ற நீட்டலளவை அப்போது வழங்கியது. அதன் அங்குலத்தை 72 பங்கு செய்து, ஒரு பங்கை ஒரு புள்ளி என்று அவர் வைத்தார். பழைய பெயர்களைத் தள்ளிவிட்டு, எழுத்துக்களை அவற்றின் எண்ணாலேயே அழைக்கவும் தொடங்கினார். இதற்குச் சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் அரசர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அரசரின் பாதத்தையும் ஒழித்துவிட்டு மீட்டரைக் கொண்டுவந்தார்கள். எனினும் அச்சுக்கூடங்களில் ஈயம் ஈயமாகத்தானே கிடந்தது? அதை எல்லாம் உருக்கி மறுபடி வார்க்க யாரிடம் பணம்? ஆகவே அரசரின் தலை போன பிறகும் அவருடைய பாதம் மட்டும் அச்சுக்கூடத்தை விட்டுப் போகவில்லை. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஈய எழுத்து இருந்த வரையில் திதோவின் புள்ளியே ஆட்சி செய்தது. அது 0.376 மில்லிமீட்டர்.

அமெரிக்காவில் இந்தச் சீர்திருத்தத்துக்கு ஓர் அக்கினி காரணமாயிற்று. 1871-ல் சிக்காகோ நகரில் மூண்ட பெருந்தீயில் மார்டர், லூஸ் கம்பெனியின் எழுத்து வார்ப்படச் சாலை சாம்பலாயிற்று. எப்படியும் எல்லா அச்சுக்களையும் புதிதாகச் செய்யத்தானே வேண்டும், செய்கிறதை ஒழுங்கான கணக்கில் செய்வோமே என்று அவர்கள் தீர்மானித்தார்கள். பிறகு 1886-ல் அமெரிக்க வார்ப்படக்காரர்களின் சங்கம் கூடித் தேசம் முழுவதற்கும் ஒரே புள்ளியை ஏற்றுக் கொண்டது. அப்போதும் ஒரு தமாஷ் நடந்தது. அங்குலத்தில் சரியாக 72-ல் ஒரு பங்கு என்று வைத்திருக்கலாம் அல்லவா? வைக்கவில்லை. பிலடெல்பியாவில் மக்கெல்லர், ஸ்மித்ஸ் அண்டு ஜார்டன் என்ற மிகப் பெரிய வார்ப்படச் சாலை இருந்தது. அதன் பைக்கா எதுவோ அதுவே எல்லோருக்கும் பைக்கா என்று முடிவு செய்தார்கள். பெரியவர்கள் தங்கள் அச்சுக்களை மாற்ற வேண்டியதில்லை. சின்னவர்கள் மாற்றிக் கொள்ளட்டும்! 83 பைக்கா 35 சென்டிமீட்டருக்குச் சமம் என்று அதற்கு இலக்கணம் வகுத்தார்கள். பைக்காவில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு பாயிண்டு. இந்தக் கணக்குப்படி 72 பாயிண்டு ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறையும், 0.996 அங்குலந்தான் வரும். இங்கிலாந்தும் 1898-ல் இதையே ஏற்றுக் கொண்டது.

ஆக, பாரிஸின் 12 பாயிண்டு 4.51 மில்லிமீட்டர், லண்டனின் 12 பாயிண்டு 4.22 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு தலைமயிர் என்று நினைக்க வேண்டாம். நாற்பது வரி அடுக்கினால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு மூன்று வரிக்கு இடம்.

எழுத்து அளவு என்பது காசு விஷயம் என்பதைத் தமிழ்நாடு மிக முன்னதாகவே கண்டு கொண்டது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் ஸீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சிட விரும்பினார். லண்டன் சங்கம் ஒன்று அச்சு யந்திரத்தை அனுப்பியது. தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வெட்டி வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-ல் வந்து சேர்ந்தன. வெட்டியவர்கள் தமிழ் படித்தவர்கள் அல்லர். ஓலையில் எழுதிய எழுத்தைப் பார்த்துச் செய்தார்களோ என்னவோ, எழுத்துக்கள் வெகு பெரியவையாக இருந்தன. அவற்றால் விவிலியம் முழுவதையும் அடிப்பதென்றால் காகிதத்துக்கு எங்கே போவது? காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வெட்டி வார்த்தார்கள். அதற்கு வேண்டிய ஈயத்துக்கு, சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. 1714-ல் வெளிவரத் தொடங்கிய புதிய ஏற்பாடு 1715-ல் பூர்த்தியாயிற்று. பெரிய எழுத்தையே நம்பியிருந்தால் அது எப்போது முடிந்திருக்குமோ!

பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் இன்னும் சிறிதான, ஆனால் தெளிவான தமிழ் எழுத்துக்களை உண்டாக்கினார். 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-இங்கிலீஷ் அகராதி 1862-ல் ஒரே புத்தகமாக வெளிவந்ததற்கு அந்தப் பொடி எழுத்துக்களே உதவின. அகராதிக்கு அது தகும். ஒரு சொல்லைத் தேடி ஒரு நிமிஷம் பார்த்து மூடிவிடுகிறோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிற புத்தகத்துக்கு அதே எழுத்தைப் போட்டால் பாவந்தான்.

இப்போது ஈயம் போய்விட்டது, கணிப்பொறி வந்துவிட்டது. 1984-ல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கணிப்பொறி மொழி, பாயிண்டை அங்குலத்தில் சரியாக 72-ல் ஒரு பங்கு என்று வைத்துக் கொண்டது. கணிப்பொறிகள் அநேகமாக எல்லாம் இதையே பின்பற்றுகின்றன. கணித நூல்களை அச்சுக்கு அமைக்க டானல்ட் நூத் என்ற பேராசிரியர் இயற்றிய டெக் என்னும் முறை மட்டும் அங்குலத்துக்கு 72.27 என்ற பழைய கணக்கைக் கைவிடவில்லை. அது சின்ன வித்தியாசம். விசித்திரம் என்னவென்றால், கட்டையே இல்லாத இந்தக் காலத்திலும் கட்டையின் அளவையே எழுத்தின் அளவாகச் சொல்லிக் கொண்டிருக்கிறோம் என்பதுதான். எழுத்துருவை வரைகிறவர் ஒரு கற்பனைக் கட்டத்தை வைத்துக் கொள்ளுகிறார். அதை 1000 பங்காகவோ 2048 பங்காகவோ பிரித்து அதற்குள் எழுத்துக்களை வரைகிறார். 12 பாயிண்டு என்று நாம் கேட்டால் கணிப்பொறி அந்தக் கட்டத்தை 12 பாயிண்டுக்குக் கொண்டுவருகிறது. கட்டத்துக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது வரைந்தவரின் சித்தம்.

1932-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக உண்டான டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில், வால் கொம்பு இல்லாத 'எக்ஸ்' என்ற சின்ன எழுத்தின் உயரம் கட்டத்தில் நூற்றுக்கு 45 பங்கு. கணிப்பொறித் திரைக்கென்று 1996-ல் வந்த வெர்டானாவிலோ ஏறக்குறைய 55 பங்கு. இரண்டையும் 12 பாயிண்டில் அச்சிட்டுப் பார்த்தால், முதலாவது 1.9 மில்லிமீட்டர், இரண்டாவது 2.3 மில்லிமீட்டர். தமிழில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். 'கீ', 'வீ' என்ற எழுத்துக்களின் சுழி மேலே போகிறது. 'மு', 'ழு' முதலியவற்றின் வளைவு கீழே இறங்குகிறது. மேலுக்கும் கீழுக்கும் தாராளமாக இடம் விட்டவருடைய எழுத்துருவில் நடுவில் நிற்கிற க, ப, ம எல்லாம் சிறுத்துவிடும். சுழியைச் சுருக்கிப் போட்டவருடைய எழுத்துருவில் அவையே பெருத்து நிற்கும். இரண்டுக்கும் எண் ஒன்றே.

அன்பருடைய புத்தகத்தில் நடந்தது இதுதான். நடுவெழுத்து சிறுத்த உருவில் 14 பாயிண்டு போட்டிருக்கிறார்கள். பழைய புத்தகம் நடுவெழுத்து பெருத்த உருவில் 12 பாயிண்டு. அச்சுக்கூடத்தார் பேரில் கணக்குப்படி குற்றமில்லை. ஆயினும், எண்பது வயது அம்மாள் படிப்பதற்காக என்று சொல்லிக் கேட்டபோது, ஒரு பக்கம் அடித்துக் காட்டி, 'இது போதுமா?' என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு தாள் செலவு.

இந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் புத்திசாலித்தனமாக நடந்திருக்கின்றன. நம் சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் வெளியிட்ட உத்தரவில் மனுக்களை 14 அளவில் அச்சிடுங்கள் என்பதோடு நிற்கவில்லை. டைம்ஸ் நியூ ரோமன் என்று எழுத்துருவின் பெயரையும், வரிகளுக்கு நடுவில் ஒன்றரை இடைவெளி என்பதையும் சேர்த்துச் சொன்னது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் விதியும் செஞ்சுரி வகை எழுத்து, 12 பாயிண்டு என்று சேர்த்தே சொல்லுகிறது. பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் வக்கீல்கள் என்ன செய்வார்கள் என்று நீதிபதிகளுக்குத் தெரியாதா? பக்கக் கணக்குக்கு வரம்பு உண்டென்றால், ஒடுங்கின எழுத்தைத் தேடிப் பிடித்து, இருபது பக்கத்து வாதத்தைப் பதினைந்தில் திணித்து விடுவார்கள்.

உணவுப் பொட்டலங்களின் விஷயத்தில் ஐரோப்பியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2011-ஆம் ஆண்டின் 1169-ஆவது விதி பாயிண்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய விவரங்களில் 'எக்ஸ்' எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றது. மிகச் சிறிய பொட்டலமானால் 0.9 மில்லிமீட்டர். அந்த 1.2 மில்லிமீட்டர் டைம்ஸ் எழுத்தில் ஏறக்குறைய ஏழரை பாயிண்டு. வெர்டானாவில் ஆறு பாயிண்டுக்குச் சற்று மேல். அமெரிக்காவிலும் இதே மாதிரி, 'ஓ' என்ற சின்ன எழுத்தை வைத்து அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று அளக்கிறார்கள். மனையை அளப்பதை விட்டு வீட்டை அளக்கிற முறை இது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தாயார் கடையில் நின்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, பின்னால் இருக்கிற பொடி எழுத்து தெரிகிறதா இல்லையா என்பது வெறும் அழகுப் பிரச்னை அல்ல.

தமிழில் 'எக்ஸ்' கிடையாது. அதனால் என்ன? நமக்கு 'ப' இருக்கிறது. மேலே சுழி இல்லை. கீழே வளைவு இல்லை. இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கிற நேர்கோடு. மில்லிமீட்டர் போட்ட பள்ளிக்கூடத்துக் கோல் ஒன்றை வைத்து யாரும் அளந்து விடலாம். சிறிய எழுத்தானால் பூதக்கண்ணாடி ஒன்றும் வேண்டும். கலியாணப் பத்திரிகையோ, நினைவு மலரோ, வீட்டுப் பெரியவர்களுக்கென்று ஒரு பாட்டுப் புத்தகமோ அச்சிடப் போகிறவர்கள், அவர்கள் சிரமமில்லாமல் படிக்கிற புத்தகம் ஒன்றை எடுத்து அதன் 'ப'வை அளந்து கொண்டு போகட்டும். 'எத்தனை பாயிண்டு வேண்டும்?' என்று அச்சுக்கூடத்தில் கேட்பார்கள். 'ப இத்தனை மில்லிமீட்டர் வர வேண்டும். பாயிண்டை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கம் அடித்துக் காட்டும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.